அது அழுகையில்லை அக்கா

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் இரண்டு கண்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் "என் தம்பியை இப்படித்தான் தினமும் அழ வச்சிட்டிருக்கியா" என்று கேட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. உன் நம்பரைப் பார்த்தாலே அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இந்தச் சண்டையைத் தீர்ப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படி.

என் கண் நாலு வருடமாக எரிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, தாரை தாரையாகக் கொட்டுகிறது. முதலில் கண்ணாடிக் கடைக்காரர் "பவர் மாறியிருக்கு சார்" என்று புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார், எரிச்சல் அப்படியே இருந்தது, கண்ணாடியைத் துடைக்கிற வேலை ஒன்று கூடியதுதான் மிச்சம். மருந்துக் கடையில் சிவப்பு போக ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், சிவப்பு போனது, எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. நானும் விடாமல் வருடக்கணக்கில் ஊற்றினேன், எனக்கு எங்கே போச்சு புத்தி. ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வயசாயிடுச்சில்ல" என்றார். இன்னொருவர் அலர்ஜி என்றார், அதைக் கேட்டு இவள், வீட்டிலிருந்த தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாள், இப்போது கண்ணோடு கழுத்தும் வலிக்கிறது.

ஆபீஸ் கதை இன்னும் மோசம். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு கண்ணீர் விட்டால் என்ன ஆகும் சொல். பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "நீங்க அழாதீங்க சார், மெதுவா வரட்டும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்து ஜன்னல் காலி, எல்லோரும் என் வரிசையில். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "வீட்ல ஏதும் பிரச்சனையா" என்று கேட்டார். உனக்கு வந்த அதே சந்தேகம்.

போன வாரம்தான் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். உட்காரவைத்து இருபது கேள்வி கேட்டார், இதுவரை யாரும் கேட்டதில்லை. கீழ் இமைக்குள் சின்னக் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்திருந்து எடுத்துப் பார்த்தார். "உங்களுக்குக் கண்ணுல ஈரமே பத்தல" என்றார். எனக்கு வந்ததே கோபம். "தினமும் மூணு கைக்குட்டை நனையுது டாக்டர், பத்தலன்னா எப்படி" என்றேன். அவர் சிரிக்காமல் இமை ஓரத்தை அழுத்திக் காட்டினார். அங்கிருந்து எண்ணெய் மாதிரி ஒன்று கசிய வேண்டுமாம், எனக்குப் பசையாக அடைத்துக்கொண்டிருக்கிறது. அது இல்லாததால் இருக்கிற ஈரமும் காய்ந்துபோகிறது, காய்ந்ததும் கண் எரிகிறது, எரிந்ததும் கண்ணீரை மொத்தமாகத் திறந்துவிடுகிறது, அதுவும் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. எங்கள் இன்ஜினியர்கள்கூட ஒரு குழாயை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

சிவப்புக்குப் போட்ட மருந்தை நிறுத்தச் சொல்லி வேறு சொட்டு மருந்து கொடுத்தார். காலையும் மாலையும் மூடிய கண்மேல் வெதுவெதுப்பான துணி, இமை ஓரத்தைச் சுத்தம் செய்வது, ஃபேனை முகத்திலிருந்து திருப்புவது, கம்ப்யூட்டர் முன்னால் மறக்காமல் இமைப்பது. மறக்காமலிருக்க "கண்ணை மூடு" என்று எழுதி ஜன்னலில் ஒட்டினேன், மேனேஜர் அதைப் பார்த்து மெமோ கொடுத்துவிட்டார், அது வேறு கதை.

ஆகவே அக்கா, இவள் என்னை ஒருநாளும் அழவைத்ததில்லை. அன்று சாப்பிடும்போது வந்தது வறட்சி. உன் பெண் மேடையேறிப் பாடியபோது வந்தது வறட்சி. இரண்டு வருடம் முன்பு இவளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு "அழாதடா" என்றாயே, அதுவும் வறட்சிதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அழுததே கிடையாது. டாக்டரம்மா கொடுத்த ரிப்போர்ட்டின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு இவளிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நன்றாக இமைத்து நெடுநாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இவளிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. முழுக்கப் படித்து மடித்து வைத்துவிட்டு, "அப்போ என்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனப்ப வந்ததும் எண்ணெய் இல்லாம வந்ததுதானா" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் நான் தைரியமா உள்ள போனேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இப்போது என்னோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா, அன்றைக்கு வந்தது வறட்சியில்லை. இவளிடம் சொன்னால் "அதுக்கும் ரிப்போர்ட்டைக் காட்டுங்க" என்கிறாள். போன் வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேரில் வா. அன்று என் பக்கத்தில் நின்றவள் நீ ஒருத்திதான். நான் அழுதேன் என்று நீதான் வந்து சொல்ல வேண்டும்.