நடை சிஸ்டர் மறித்த ஆட்டோக்கள்

ஓசூர் ஆட்டோக்காரர்கள் போலீசுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை, எங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சுக்குத்தான் பயந்தார்கள். அவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் ‘நடை சிஸ்டர்’. மாதப் பரிசோதனைக்குப் பிள்ளைத்தாய்ச்சி யாராவது ஆட்டோவில் வந்தால், இரண்டு தெரு முன்னாலேயே ரோட்டில் நின்று மறித்துவிடுவார்.

“எறங்கும்மா. அஞ்சு மாசம் உனக்கா, ஆட்டோவுக்கா?”

தமிழ்க்காரிக்கு ‘நடம்மா’, கன்னடக்காரிக்கு ‘நடியம்மா’, தெலுங்குக்காரிக்கு ‘நடுவம்மா’. எந்தப் பாஷையிலும் தப்பிக்க வழியில்லை. டாக்டர் ‘படுத்திருக்கணும்’ என்று எழுதிக்கொடுத்தவர்களை மட்டும் தானே கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். மற்றவர்கள் மூச்சு வாங்குகிறது என்று முனகினால் யானைக் கதை வரும்.

“தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைங்க ரெண்டு வருசம் சுமக்குது கண்ணு. ஒண்ணாவது ஆட்டோவுல போயி பாத்திருக்கியா?”

ஐந்தாம் மாதம் நடந்த என் வளைகாப்புக்கு அழைக்காமலே வந்தார். வரிசையாக வைத்திருந்த ஏழு வகைச் சோற்றையும் முறைத்தார். “புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு... ஏழும் சோறுதான? கீரை எங்க, பயறு எங்க?” என்று கேட்டு, பையிலிருந்து ஒரு தூக்குவாளிக் கீரைப் பொரியலை எடுத்து எட்டாவதாக வைத்தார். அதோடு விட்டாரா? கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பினார்.

“வளையல் சத்தம் புள்ளைக்குக் கேக்கணும்னுதான போடுறீங்க? கை ஆடுனாத்தான சத்தம் வரும்? நடந்தாத்தான கை ஆடும்? எந்திரி!”

பட்டுப்புடவையோடு மண்டபத்தை மூன்று சுற்று நடந்தேன். வீடியோக்காரரும் பின்னாலேயே ஓடினார். விருதுநகர் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

அம்மாவுக்குக் காரணம் இருந்தது. எனக்கும் இருந்தது. இதற்கு முன் உண்டானது மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இதையாவது முழுசாகக் கையில் வாங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அசைந்தால் போய்விடும் என்று அம்மா சொன்னதை நம்பிப் படுத்தே கிடந்தேன். “டாக்டரே நடக்கலாம்னு சொல்லிட்டாங்க, பயப்படாத” என்று சிஸ்டர் எத்தனையோ தடவை சொன்னார். ம்ஹூம், என் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் சிஸ்டர் எங்கள் போனிலெல்லாம் அடி எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் சுகாதார நிலையத்தில் கூடிப் போனைக் காட்ட வேண்டும். என்ன செய்வதென்று நான் முழித்தபோது, என் வீட்டுக்காரர் வழி சொன்னார். அவருக்குக் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை, நாள் முழுக்க நடைதான்.

“போனை இங்க குடு. உனக்கும் சேத்து நானே நடந்துட்டு வாரேன்.”

அவர் நடந்தார், நான் படுத்தேன். சிஸ்டர் கொடுத்த ராகி மாவு டப்பாவில் அப்படியே இருந்தது. பேக்கரி பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் மட்டும் தவறாமல் வந்தன. ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கெடுத்த வாரம், ஒரே நாளில் பதினெட்டாயிரம் அடி ‘நடந்திருந்தேன்’.

“அடியாத்தே, பெங்களூருக்கே நடந்து போயிட்டியா?” என்று சிஸ்டர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். “எல்லாரும் கை தட்டுங்கம்மா!” முப்பது பேர் தட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஏழாம் மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. சிஸ்டர் நம்பவில்லை. மெஷினில்தான் கோளாறு என்று தன் விரலையே குத்திப் பார்த்தார். மெஷின் சரியாகவே இருந்தது.

“என்னா சாப்புடுற?”

“ராகிக் களி, கீரை. டெய்லி நடக்கேன் சிஸ்டர்.”

பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைத் தானே கூட்டிப்போய், அங்கிருந்த டாக்டரிடம் சண்டை போட்டார். “இந்தப் பொண்ணு நடக்குற நடைக்கு சுகர் வரவே கூடாது சார். நல்லா பாருங்க.” டாக்டர் நிமிரவே இல்லை. “நடந்தா எல்லாம் சரியாயிடும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதீங்க சிஸ்டர்” என்று இன்சுலின் எழுதினார். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கை தட்டிய முப்பது பேரும் காறித் துப்புவார்களே என்று பயந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் யார் போனையும் கேட்கவில்லை.

மகள் ஆபரேஷனில் நாலு கிலோவுக்கு மேல் பிறந்தாள். பிறந்த கையோடு அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. மூன்று நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். நான் கும்பிடாத சாமியில்லை. பிழைத்து என் மடிக்கு வந்த அன்று சிஸ்டர் பார்க்க வந்தார். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்ன மன்னிச்சுடு கண்ணு. உன்னைப் போட்டு ரொம்ப நடக்க வெச்சுட்டேன்.”

பாவி நான், அப்போதும் சொல்லவில்லை.

பிறகு அவரை ஜவளகிரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மகள் நடக்கத் தொடங்கிய பிறகு, போன மாதம்தான் துணிந்து பஸ் ஏறிப் போனேன். சுகாதார நிலையத்துக்கு எதிரே இறங்கினால், வாசலில் சிஸ்டர். ஒரு ஆட்டோ வந்தது. நல்ல திடமான இளம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ படிவரைக்கும் போய் நின்றது. சிஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. யானையைப் பற்றிக்கூட. நான் ரோட்டைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் இங்கே எழுதுகிறேன். சிஸ்டர், அந்தப் பதினெட்டாயிரமும் என் வீட்டுக்காரர் நடந்தது. ராகியை நான் தொடவே இல்லை. நீங்கள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன். இப்போது தினமும் சாயங்காலம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். போன் என் பையில்தான் இருக்கிறது.

அடுத்த ஆட்டோவை மறித்துவிடுங்கள், சிஸ்டர்.