மச்சானின் மைக்

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பிரிட்ஜ் மெக்கானிக் சபதம் எடுத்தார். கட்டிலில் படுத்தபடியே எடுத்தார். மனைவி சமையலறையில் இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே எடுத்தார்.

அவர் கஷ்டம் அவருக்கு. வெயில் தலைகாட்டினால் போதும், ஊரிலுள்ள பிரிட்ஜ்களெல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும். அவை படுத்துவிட்டால் இவர் படுக்க முடியாது. ஆறு நாளும் யார் வீட்டுச் சுவரோரத்திலோ குனிந்து கிடந்த மனுஷன், ஏழாம் நாளாவது நிமிர்ந்து படுக்க ஆசைப்பட்டார்.

குறுக்கே நின்றது மனைவியின் குடும்பம். வெயில் வந்தால் அவர்களுக்குப் பூங்கா வேண்டும். பூங்கா என்றால் பாட்டு வேண்டும். பாட்டு என்றால் மச்சான் பாடுவார்.

மச்சான் பல் டாக்டர். வாரமெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறப்பார். கிளினிக்கிலாவது மரத்துப்போக ஊசி போடுவார். பாடும்போது அந்த வசதி கிடையாது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். ஏரிக்கரைப் பூங்காவுல வச்சிருக்கோம்."

"எனக்கு முதுகு வலி."

"அண்ணன் பாடுறாரு. கிட்டார், வயலின், டிரம்ஸ் எல்லாம் வருது."

"வலி கழுத்துக்கு ஏறிடுச்சு."

"நீங்க வந்தா நல்லாருக்கும்னு பார்த்தேன். மைக்செட்டுக்காரர் வரலையாம். யார் சத்தத்தைக் கூட்டணும், யாருதைக் குறைக்கணும்னு பார்த்துக்க ஆள் இல்ல. சரி, நீங்க படுங்க. வேற யாரையாவது கேக்குறேன்."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார்.

"குறைக்கிறதும் அந்த ஆள்தானா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மாமாவுக்கு எழுபது வயசு ஒரு தடவைதானே வரும்."

"முதுகு?"

"அது பழகிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். மரத்தடியில் மேசை போட்டு, வரிசையாகக் குமிழ்கள் இருந்த பெட்டியை அவர் முன்னால் வைத்தார்கள். மூன்றாவது குமிழ் மச்சானுடையது. மெக்கானிக் அதை ஒருமுறை அன்போடு தடவிப் பார்த்தார்.

கேக் வெட்டியதும் மச்சான் மைக்கைப் பிடித்தார். வழக்கமாக அந்த நேரத்தில் மாமனார் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கை காதுக்குப் போயும்விட்டது. மெக்கானிக் மூன்றாவது குமிழை மெல்லத் திருகினார். மச்சானின் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் மட்டும் அவர் குரல் அவருக்கே கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கிட்டாரும் வயலினும்தான். மச்சான் கண்ணை மூடி, கையை விரித்து, உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் புண்ணியத்தில் முன்வரிசைக்குக்கூட மச்சான் குரல் எட்டவில்லை. மாமனார் கையை இறக்கிக்கொண்டார். கால் தாளம் போட்டது. ஓரமாக நடந்து போனவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

கடைசியில் கைதட்டல் எழுந்தது. மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்ள, பன்னெண்டு வருஷமா பாடுறேன். இன்னிக்குத்தான் ஒருத்தரும் நடுவுல எந்திரிச்சுப் போகல. எல்லாம் உங்க கைராசி. இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் நீங்க இல்லாம நான் பாடுறதா இல்ல."

"மச்சான், எனக்கு முதுகு..."

"மெத்தை வச்ச நாற்காலி போட்டுடலாம் மாப்ள."

இப்படியாக அந்தக் கோடையின் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரே மூச்சில் போயின. அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே மெக்கானிக் மனைவியிடம் உண்மையைக் கக்கினார்.

"நான் உங்கண்ணன் மைக் சத்தத்தை அமுக்கிட்டேன். அவர்கிட்ட நீயே சொல்லி என்னை விடுவிச்சிடு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே உங்களை உட்கார வச்சேன். மைக்செட்டுக்காரரை வர வேண்டாம்னு சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க?"

மெக்கானிக் நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

"நீயா? அதை என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா முதுகு வலின்னுதானே சொல்லியிருப்பீங்க. தங்கச்சி நானே போய், பாடாதேன்னு அண்ணன்கிட்ட சொல்ல முடியுமா? மனசு ஒடஞ்சிடும். இப்போ அவருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும் சந்தோஷம்."

"உனக்கு என்ன லாபம்?"

மனைவி கொஞ்சம் வெட்கப்பட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மெக்கானிக் அதை அதிகம் பார்த்ததில்லை.

"எனக்கும் சின்ன வயசுலேர்ந்து பாடணும்னு ஆசைங்க. அண்ணன் குரலுக்கு நடுவுல என் குரல் எங்க கேக்கும்? அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடுறோம். அவருதை இன்னிக்கு மாதிரியே வச்சிடுங்க. என்னுதை முழுசா ஏத்திடுங்க."

மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது. போனது போகட்டும், பாவம், வீட்டு வேலைக்கு நடுவில் இப்படி ஓர் ஆசையை இத்தனை காலம் அடக்கி வைத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது குமிழை அடியோடு இறக்கி, நான்காவதைக் கடைசி வரை ஏற்றினார்.

மனைவி அவரையே பார்த்தபடி முதல் வரியை எடுத்தாள். குரல் அந்தக் குடும்பத்தின் சொத்து என்பதும், அண்ணனுக்கும் தங்கைக்கும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் மெக்கானிக்குக்கு அப்போதுதான் தெரிந்தது.