மச்சான் சொன்ன வீட்டுக்கடன் புத்தி

கல்முனை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு.

கனடாவில் வசிக்கும் அன்புள்ள மச்சான் மெல்ரொய் அவர்களுக்கு அத்தான் தேவராசா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இங்கு நானும் உங்கள் அக்கா றஞ்சிதமலரும் மகள் நிறோசாவும் சுகம். அங்கு உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எனக்கு இன்று ஆவல் வரவில்லை, கோபம்தான் வருகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் கதைப்பீர்கள், நான் ஓம் ஓம் என்பேன், வைத்த பிறகுதான் கேட்க வேண்டியது ஞாபகம் வரும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இளைப்பாறிய நான், நிறோசாவுக்குச் சீதனமாகக் கொடுக்க இருக்கும் இந்த வீட்டுக்கு மாடி எழுப்ப, வீட்டையே ஈடு வைத்து வங்கியில் கடன் எடுத்தது உங்களுக்குத் தெரியும். எடுக்கும்போது வட்டி தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிறகு நாடு விழுந்தது, சீமெந்து விலை ஏறியது, வட்டி அதையும் தாண்டி ஏறியது. மாதத் தவணை என் ஓய்வூதியத்தைத் தின்று முடித்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்றது. விற்றுவிட்டுச் சின்ன வீடொன்றுக்குப் போவோம் என்றால், வீடு வாங்கக்கூடியவர்கள் எல்லாம் கடவுச்சீட்டு எடுக்க வரிசையில் நின்றார்கள். வந்த ஒரேயொரு ஆள், நான் மாடிக்குப் போட்ட கல்லுக்கும் காணாத விலை கேட்டான். அந்த நேரத்தில்தான் உங்கள் அக்கா, "தம்பி இதுக்கெண்டே படிச்சவன், அவனுட்டக் கேப்பமே" என்றாள். நீங்களோ அங்கே வீட்டுக்கடன் முகவர். சனிக்கிழமை தவறாமல் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு கணினியில் கூட்டம் வைத்து, வீட்டு விலை விழும் காலத்தில் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்கிறவர். நம்பினோம்.

தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள், எதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றீர்கள். போனேன். கடன் பகுதியில் இன்ஷிரா என்றொரு பிள்ளை, சாய்ந்தமருதுக்காரி, மரியாதையாகக் கதிரையில் இருத்திக் கேட்டது. என் சீனி வருத்தத்தில் தொடங்கி நிறோசாவின் கலியாணம் வரை ஒன்றும் மிச்சம் விடாமல் சொன்னேன். எல்லாம் சொல்லி முடிய, தவணையைக் குறைப்பதென்றால் வீட்டை மறுபடியும் மதிப்பிட வேண்டும், ஏனென்றால் இப்போது வீட்டு விலைகள் விழுந்துவிட்டன என்றார்கள். விலை விழுந்ததை அவர்களுக்கு நானே போய் ஞாபகப்படுத்திவிட்டு வந்தது போலாயிற்று.

மதிப்பீட்டாளர் வருமுன் வீட்டை அழகுபடுத்த வேண்டும், சுவரில் குடும்பப் படம் ஒன்றும் இருக்கக் கூடாது, பார்க்கிறவன் அந்த இடத்தில் தன் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று அடுத்ததாகச் சொன்னீர்கள். உங்கள் அக்கா எங்கள் கலியாணப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். மாதர் சங்கத்துப் பெண்கள் வந்த நேரம் சுவர் வெறுமையாக இருந்தது. பொழுது படுமுன் தேவராசாவும் றஞ்சிதமலரும் பிரியப் போகிறார்களாம் என்று நற்பிட்டிமுனை வரை கதை போய்விட்டது. போதகர் வேதாகமத்தோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவே அமர்ந்து சமாதானத்துக்காக ஜெபித்தார். ஜெபம் அவ்வளவு உருக்கமாக இருந்ததில் உங்கள் அக்கா அழுதுவிட்டாள். அவள் அழுததைப் பார்த்து, கதை உண்மைதான் என்று போதகர் முடிவு கட்டி, மனதில் இருக்கிறதைச் சொல்லுங்கள் சகோதரி என்றார். அதுவரை அவள் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. கேட்ட பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சண்டையே இல்லாத வீட்டில் போதகர் போன பிறகு சண்டை தொடங்கியது, அதற்கு நீங்கள்தான் காரணம்.

அதோடு விட்டீர்களா? மாடியை வாடகைக்குக் கொடுங்கள், தனி ஆளாகப் பாருங்கள் என்றீர்கள். சுஜிந்தன் என்றொரு பொடியன் வந்தான். தனி ஆள், அமைதியான பேச்சு, கையில் ஒரு பை. அந்தக் கிழமையே எங்கள் வாசல் படலையில் அவனுடைய முகத்தோடு பெனர் தொங்கியது. அவன் உயர்தர இரசாயனவியல் ரியூசன் மாஸ்டராம். முற்றம் முழுக்கச் சைக்கிள், மாடியில் ஒலிபெருக்கி, நான் குளிக்கும்போதும் அமிலமும் காரமும்தான் கேட்கிறது. மதிப்பீட்டாளர் வந்ததும் அந்த நேரம் பார்த்துத்தான். படலையில் நின்ற பிள்ளைகள் அவரை யாரோ ஒருவரின் தகப்பன் என்று நினைத்து மேலே கூட்டிப்போய் வாங்கில் இருத்திவிட்டார்கள். பாவம், மனிசன் வகுப்பு முடியும்வரை இருந்துவிட்டுத்தான் இறங்கினார். போய் எங்கள் வீட்டைக் கல்வி நிலையம் என்று எழுதிவிட்டார். வீட்டுக்கென்று கடன் எடுத்துவிட்டு வியாபாரம் செய்கிறீர்கள், இதற்கு வட்டி வீதம் இன்னும் கூட என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

அன்று நிறோசா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வீடு போனால் கலியாணமும் போகும் என்ற பயம் அவளுக்கு. எனக்கு விளங்காதா? நான் வங்கிக்குப் போய்ச் சத்தம் போட்டேன், மச்சான். வாழ்நாளில் ஒரு கந்தோரில் நான் போட்ட முதல் சத்தம். இன்ஷிரா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அங்கிள், முதல்ல தண்ணி குடிங்க. அந்த பெனரக் கழட்டுங்க. வகுப்ப வேற இடத்துல வெக்கச் சொல்லுங்க. அவர் குடியிருக்கிற வாடகைக்கு உடன்படிக்கை எழுதிக் கொண்டு வந்தா, அத வருமானமாக் காட்டலாம்" என்றது. அப்படியே செய்தோம். வகுப்பு சபை மண்டபத்துக்குப் போனது, சுஜிந்தன் மாடியிலேயே இருக்கிறான், கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துவிட்டார்கள். வீடு தப்பியது. இதற்கு நன்றி அந்தப் பிள்ளைக்கு. உங்களுக்கு இல்லை.

இவ்வளவையும் நான் மன்னித்திருப்பேன். ஆனால் வியாழக்கிழமை உங்கள் மனிசி மேர்சியா தொலைபேசி எடுத்தாள். அக்கா இல்லையா என்று கேட்டவள், இல்லை என்றதும் அழத் தொடங்கிவிட்டாள். உங்கள் வட்டியும் ஏறி, தவணை கட்ட முடியாமல், வீட்டை வங்கி எடுத்துவிட்டதாம். வேறொருவர் வீட்டின் நிலக்கீழ் அறையில் பிள்ளைகளோடு இருக்கிறீர்களாம். "அத்தானுக்குச் சொல்லிப் போடாத எண்டு சொன்னவர், அண்ணா" என்றாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் அந்த அறைச் சுவரில் ஒரு துணியைக் கட்டிவிட்டு அதே கோட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்களாம்.

டேய் மெல்ரொய், யாரோ ஒரு வங்கிக்காரப் பிள்ளையிடம் போய் ஒளிக்காமல் சொல்லு என்று என்னை அனுப்பின நீ, உன் சொந்த அக்காவிடம் ஒளித்தாயா? கடன்காரன் முகத்தைவிட எங்கள் முகமா உனக்குப் பயம்? உன் வீடு போகிற நேரத்தில் என் சுவருக்கு என்ன நிறம் பூசுவதென்று என்னோடு எவ்வளவு நேரம் கதைத்தாய்! எனக்கு நித்திரை வருகுதில்லை. உன் அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. அதையும் என் தலையில் கட்டிவிட்டாய்.

ஆகவே இனி எனக்கு ஆலோசனை அனுப்ப வேண்டாம். தொலைபேசி எடுக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தோடு நமக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது.

கர்த்தர் உன்னையும் மேர்சியாவையும் பிள்ளைகளையும் ஒழுகாத கூரையொன்றின் கீழ் வைத்துக் காப்பாராக.

கோபம் தீராத அத்தான்,
தேவராசா.

பி.கு.: வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய்க் கனடாவுக்குக் காசு அனுப்புவது எப்படி என்று இன்ஷிராவிடம் கேட்டேன். "மாறிக் கேக்கிறீங்க அங்கிள், அங்க இருந்து வாறத எடுக்கத்தானே?" என்றது. இல்லையம்மா, இங்கிருந்து அங்கே என்றேன். மனேஜரிடம் கேட்க எழும்பிப் போனது. கட்டுப்பாடு இருக்கிறதாம், ஆனாலும் வழி பார்க்கலாமாம். அனுப்பப் போவது மாடி வாடகைதான்; உங்கள் டொலரில் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக்கும் காணாது, சிரிக்க வேண்டாம். கணக்கு இலக்கத்தை அனுப்பு. எழுதப் பஞ்சியாக இருந்தால் தொலைபேசி எடு, இரவு எந்நேரமானாலும் பரவாயில்லை.