பாட்டிக்கு ஐந்து மார்க்

பாசத்தில் குறையாத என் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். இடுப்பு நீங்கலாக நீயும் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். பெரிய பேரனுக்கு ஆபீசில் இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர் என்று கண்ணாடிக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, அவ்வளவு உசத்தி. பேத்தி கல்லூரியிலேயே முதல். இரண்டாவதாக வந்த பெண் அழுதேவிட்டாளாம். சின்னவன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கின பையனுக்குக் கை நீளம், அது திறமையில் சேராது. நம் வம்சத்தில் மார்க்குக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது.

உன் வீட்டு மண் மேட்டில் பழைய கார் மழையில் வழுக்கி, நான் உன்னைப் பார்க்காமலே பாதியில் திரும்பினது உனக்குத் தெரியும். "அம்மாவைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவே ஒரு பெரிய வண்டி வாங்கறேன்" என்றான் என் மகன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டி, மூன்று வரிசை, கடைசி வரிசை எனக்கே எனக்கு. பக்கத்து வீட்டுக்காரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவளுக்குச் சரியாகக் காது கேட்காது என்பதால் இரண்டு தரம்.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். நம் வீட்டில்தான் எதற்கும் பரீட்சை உண்டே, வண்டிக்கும் நூறு மார்க் வைத்தார்கள். பெரியவன்தான் வாத்தியார். ஓட்டிப் பார்த்ததில், மேடு ஏறினதற்கு இருபதுக்கு இருபது. சத்தம் இல்லாததற்குப் பத்துக்குப் பத்து. கடைசி வரிசையில் எனக்குத் தடதடவென்று கேட்டது, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நான் அங்கே ஏறின கதையைக் கேள். நடு சீட்டை மடக்கி, அந்தச் சந்தில் நுழைய வேண்டும். கழுத்துப்பட்டி கட்டின விற்பனைக்காரர், "தலையைக் குனிங்கம்மா, இடது காலை உள்ள வைங்க, அப்படியே திரும்புங்க" என்கிறார். "ஏம்பா, வண்டியில ஏறணுமா, சர்க்கஸ்ல சேரணுமா?" என்றேன். நடு வரிசையில் உட்காரலாமே என்பாய். பின்னால் உட்கார்ந்தால் சின்னவனுக்கு வாந்தி வரும், பெரியவனுக்குக் கால் நீளம், பேத்திக்கு மூச்சு முட்டும். முன் சீட்டு மருமகளின் முதுகுவலிக்கு. மற்றபடி எல்லாருக்கும் என் மேல் உயிர்.

ஏறினதாவது பரவாயில்லை. இறங்கும்போது நடு சீட்டு சிக்கிக்கொண்டு மடங்கவே இல்லை. கடைசியில் பின்கதவைத் திறந்து, பெட்டி இறக்குகிற வழியாக என்னை இறக்கினார்கள். "பார்த்து, பார்த்து" என்று மருமகள் பதறினாள். மனசு குளிர்ந்து திரும்பிப் பார்த்தால், அவள் தடவுவது கதவின் பெயிண்டை.

"பாட்டி ஏறி இறங்கறது, சைபர்ப்பா."

"எத்தனைக்கு?"

"அஞ்சுக்கு."

"மொத்தம்?"

"தொண்ணூத்தொண்ணு."

"பிரமாதம்!" என்றான் நான் பெற்ற பிள்ளை.

டம்ளர் வைக்கிற பள்ளத்துக்கு எட்டு மார்க்கடி! எனக்கு ஐந்து. நான் அஞ்சாங்கிளாசோடு நின்றவள்தான், ஆனால் நூற்றில் ஐந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் மருமகள் என் சீட்டை மடக்கிப் போட்டு, "எவ்வளவு பெட்டி வைக்கலாம் பாருங்க!" என்று பூரிக்கிறாள். பாட்டி இருந்தால் பெட்டி இல்லை, பெட்டி இருந்தால் பாட்டி இல்லை.

"ஏண்டா, இந்த வண்டி யாருக்காக?" என்று கேட்டேன்.

"உங்களுக்காகத்தாம்மா. ஆனா உங்களால ஏற முடியலையே. நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க. நாங்க போய்ச் சித்தியைப் பார்த்துட்டு, வீடியோவில காட்டறோம்."

கேட்டாயா? என்னை உன்னிடம் சேர்க்கப் புறப்பட்ட வண்டி, என்னை விட்டுவிட்டு உன்னிடம் வரப் போகிறது. இதை வாங்கினால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன். நீயும் போன் போட்டு அவனை நாலு வார்த்தை கேள், சித்தி என்றால் பயப்படுவான்.

உன் இடுப்பு உன் சொல்படி கேட்கட்டும். உன் பேரப்பிள்ளைகள் என் பேரப்பிள்ளைகள் அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: நேற்று உறையை ஒட்டப் போகையில் பெரியவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "பாட்டி, எல்லாரும் மார்க் போட்டாச்சு. நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்றான். இந்த வீட்டில் என்னை ஒருத்தர் மார்க் கேட்டது இதுதான் முதல் தடவை. நூறு என்று சொல்லிவிட்டேன். நம் பிள்ளை தேர்ந்தெடுத்த வண்டி பெயிலாகலாமா? இன்றைக்கு வண்டியை வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் வருகிறார்கள். அக்காவுக்கு அலைய இஷ்டமில்லை என்று அவர்கள் சொன்னால் ஆமாம் போட்டுவிடு. திட்ட வேண்டாம், வண்டி ஜோர் என்று சொல். வீடியோவில் உன் முகம் ஒரு நிமிஷம் நிற்காமல் ஆடும். என்னிடம் இருக்கிற படத்திலோ உனக்கு இன்னும் தலை கறுப்பு. அதனால் அவர்கள் வரும்போது, வண்டி மறைக்காமல் நீ தனியாக நின்று, புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.