சேர்த்துவைக்கும் சீசா

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. ரேஷனுக்கு அல்ல, பிரம்மநாயகம் சுவாமிகளுக்கு. பிரிந்த தம்பதிகளைச் சேர்த்துவைப்பதில் அவர் கெட்டிக்காரராம். அவரை விட்டு இரண்டு மனைவிகள் ஓடியது வேறு விஷயம். தொழிலுக்கு அனுபவம் வேண்டாமா?

அறையில் ஏசி ஜிலுஜிலுவென்று ஓடும். பித்தளைத் தட்டில் இறுக மூடிய கண்ணாடிச் சீசா. உள்ளே கீழே சிவப்பு, மேலே நிறமில்லாதது என்று இரண்டு அடுக்குத் திரவம்.

"கீழ உம் புருசன், மேல நீ" என்பார் சுவாமிகள். சீசாவை மடியில் வைத்துக் காவித்துண்டால் மூடி, ஐந்து நிமிடம் முணுமுணுத்துவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கித் தூக்கிக் காட்டுவார். நடுக்கோட்டைக் காணோம்! சீசா முழுக்க ஒரே ரோஜா நிறம். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தட்டில் வைத்துச் சற்று நேரமானால் அது பால்போலக் கலங்கி, மறுபடியும் இரண்டாகும்.

"நம்பிக்கை பத்தல. அடுத்த வாரம் வா."

இத்தனை ஒழுங்காக வேலைக்குத் திரும்பும் தோஷத்தை வேறெங்கும் பார்க்க முடியாது.

மாரிசெல்வி நான்கு வாரம் போனாள். புருசன் தமிழ்செல்வன் ஒரு சின்னச் சண்டையில் கோபித்துக்கொண்டு சான்பாடாவில் தன் தம்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டான். நான்காம் வாரம் சுவாமிகள் ஒரு குப்பித் தீர்த்தம் கொடுத்தார். பாயசத்தில் கலந்து, நேரில் போய்ப் புருசனுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

அவள் அக்கா சங்கரேஸ்வரி குப்பியைத் திறந்து மோந்து பார்த்தாள். வடாலாவில் பெயின்ட்டுக்குத் தின்னர் கலக்கும் கோடவுனில் பதினோரு வருச வேலை அவளுக்கு.

"ஏட்டி, இதா தீர்த்தம்? எங்க கோடவுன்ல மண்டையோடு படம் ஒட்டுன டிரம்முல இருக்க மெத்தனாலு! குடிச்சா கண்ணு போயிரும். உசுரும் போயிரும்."

"சும்மா கெட, யக்கா. சீசா ஒண்ணா சேந்தத நான் கண்ணால பாத்தேன்."

"நானும் கோடவுன்ல பாத்திருக்கேன். மெத்தனாலையும் ஹெக்சேன்ங்கிற இன்னொரு தின்னரையும் ஊத்தி வச்சா, குளுருல ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கும். சூடு ஏறுனா ஒண்ணாயிரும். நாளைக்கி வா, காட்டுதேன்."

மறுநாள் சங்கரேஸ்வரி டீக்கடை ஷகீல் பாயிடம் ஒரு சொம்பு டீ வாங்கிக்கொண்டு தங்கையோடு போனாள். அது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை வரிசையில் நின்றாள். உள்ளே நுழைந்ததும் தட்டிலிருந்த சீசாவை எடுத்து டீக்குள் இறக்கினாள்.

"அபச்சாரம்! தீட்டு!" என்று சுவாமிகள் அலறினார். எழுந்திருக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவள் சீசாவைக் குலுக்கித் தூக்கினாள். ஒரே ரோஜா நிறம்.

"மந்திரம் யாரு சொன்னா? ஷகீல் பாய் டீயா?"

தட்டில் வைத்தாள். சற்று நேரத்தில் கலங்கியது, பிரிந்தது. சுவாமிகள் ஏன் எழவில்லை என்று அவளுக்குச் சந்தேகம். காவித்துண்டை இழுத்தாள். மடியிலிருந்து வெந்நீர்ப் பை ஒன்று தொப்பென்று விழுந்தது.

வாசலில் எட்டிப் பார்த்த கூட்டம் வாயைப் பிளந்தது. சங்கரேஸ்வரி குப்பியை நீட்டினாள்.

"தீர்த்தம்தானே சாமி? நீங்களே ஒரு மடக்குக் குடிங்க."

சுவாமிகள் குப்பியைப் பார்த்தார். பிறகு பின்வாசலைப் பார்த்தார். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியவரை ஷகீல் பாய் கடை முன்னால் நாலு பேர் மடக்கிப் பிடித்தார்கள். குப்பியும் அவரும் ஒரே ஆட்டோவில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

மாரிசெல்விக்குப் பாயசம் ஞாபகம் வந்தது. தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருப்பாளே! அங்கேயே நின்று புருசனுக்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏட்டி, ஒரு போன் பண்ண நாலு வாரமா ஆச்சு ஒனக்கு?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இதைப் பார்த்த ஒருத்தி சங்கரேஸ்வரியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, அப்போ ஷகீல் பாய் டீயக் குடிச்சா எம் புருசனும் வந்துருவாரா?"

சங்கரேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"டீயக் குடி தாயி, யாரு வேண்டாம்னா? மூளைய மட்டும் கண்டவன் மடியில வச்சிட்டு வந்துராத."