இங்கெலிஸ் வீட்டுப் பணியாரக் கல்

கல்லில் ஊற்றிய ஏழு உருண்டையும் கல்லோடு ஒட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தன.

“தித்தே! வரமாட்டேங்குது!” என்று அலறினான் யெப்பே.

“எது?”

“எதுவுமே!”

தித்தே அடுப்படிக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, உடனே சாத்தினாள். வெளியே கூடத்தில் மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் மெழுகுவத்தியில் இரண்டாவதையும் ஏற்றியாகிவிட்டது. எல்லார் கையிலும் சூடான ஒயின். எல்லார் மூக்கும் அடுப்படிப் பக்கம்.

வருஷா வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமை தித்தேயின் அம்மா இங்கெலிஸ்தான் எப்லெஸ்கீவர் சுடுவாள். அச்சு அசல் குழிப்பணியாரம். கதவைச் சாத்திக்கொண்டு சுடுவாள். ஒரு ஈ உள்ளே போக முடியாது. இந்த வருஷம் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. “இந்த வாட்டி பணியாரம் வேணாம், பிஸ்கட் போதும்” என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, யெப்பே துள்ளி எழுந்துவிட்டான்.

“நான் சுடுறேன்!”

“என் அம்மாவோட கல்லை யாரும் தொடக்கூடாது” என்றாள் இங்கெலிஸ்.

“கல்லு நானே கொண்டுவரேன்!”

துள்ளியதற்குக் காரணம் இருந்தது. தித்தேயோடு அவன் குடித்தனம் நடத்த ஆரம்பித்து மூன்று வருஷம். மூன்று வருஷமாக இங்கெலிஸ் அவனை ராஸ்முஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். ராஸ்முஸ் தித்தேயின் பழைய காதலன்.

“இன்னிக்கு உங்கம்மா வாயால யெப்பேன்னு கூப்பிட வைக்கல, என் பேரை நானே ராஸ்முஸ்னு மாத்திக்கிறேன்” என்று காலையில்தான் சபதம் போட்டிருந்தான்.

தித்தே கல்லைக் குனிந்து பார்த்தாள். “பழைய சாமான் சந்தையில கறுப்பாத்தானே வாங்கின? இது என்ன கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு?”

“கம்பி நார் போட்டு, சோப்பு போட்டு, நேத்து பூரா தேய்ச்சேன்!”

“அடப்பாவி! அம்பது வருஷம் எண்ணெய் குடிச்ச இரும்பை ஒரே நாள்ல குளிப்பாட்டிட்டியே! ஒட்டாம என்ன செய்யும்?”

“இரு, கரண்டிக்குப் பதிலா பின்னல் ஊசியில திருப்பினா வந்துரும். எல்லாரும் அதுலதானே திருப்புறாங்க?”

இங்கெலிஸின் கூடையில் ஊசி இருந்தது. கூடவே, அந்த ஊசியில் தொங்கியபடி பாதி பின்னிய சிவப்பு ஸ்வெட்டரும் இருந்தது. யெப்பே ஊசியை மட்டும் உருவினான். கண்ணி கண்ணியாகக் கழன்று, நூல் அடுப்படி முழுக்க ஓடியது. ஸ்வெட்டரின் ஒரு கை காணாமல் போனது.

ஊசியும் ஒன்றும் கிழிக்கவில்லை. உருண்டையின் தலை மட்டும் கையோடு வந்தது. உடம்பு குழியிலேயே தங்கிவிட்டது.

“வெண்ணெய் பத்தல” என்று யெப்பே ஒரு கட்டியை அப்படியே போட்டான். குப்பென்று புகை கிளம்பியது. கூரையிலிருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது.

“ராஸ்முஸ்! எல்லாம் சரியா இருக்கா?” கூடத்திலிருந்து இங்கெலிஸின் குரல்.

“சூப்பரா இருக்கு!” என்று கத்திக்கொண்டே யெப்பே விளக்குமாற்றுக் கட்டையால் அலாரத்தை ஒரு இடி இடித்தான். அது பெயர்ந்து, நேராக மாவுக் கிண்ணத்துக்குள் தொபுக்கென்று விழுந்தது. மோரும் ஏலக்காயும் சேர்த்துக் கரைத்த மாவுக்குள் முங்கியபடியே அலறியது. மாவு கொப்பளித்தது.

தித்தேயின் அப்பா புரெபென் கதவைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தரையில் ஓடிய சிவப்பு நூலைப் பார்த்தார்.

“ஐயோ புரெபென், ஸ்வெட்டர்...” என்று இழுத்தான் யெப்பே.

“எனக்குப் பின்னினதுதான். கழுத்தெல்லாம் அரிக்கும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நேரம் இருந்தா இன்னொரு கையையும் பிரிச்சு விடுப்பா.” கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

யெப்பே தரையில் உட்கார்ந்தான். “முடிஞ்சது. சாகுற வரைக்கும் நான் ராஸ்முஸ்தான்.”

“எந்திரி. கடையில சுட்டு உறைய வச்ச பணியாரமே பாக்கெட்ல விக்கிறான்.”

“கடைப் பணியாரமா? தலையணையைக் கடிக்கிற மாதிரி இருக்கும்னு உங்கம்மா போன வருஷம்கூடச் சொன்னாங்களே! ஒரு கடியில கண்டுபிடிச்சுருவாங்க!”

தித்தே கோட்டை மாட்டினாள். பின்வாசல் வழியாக சைக்கிளில் பறந்து, இரண்டு பாக்கெட்டைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினாள். ஓவனில் சூடேறியதும் யெப்பே ஒவ்வொரு உருண்டையையும் ஊசியால் குத்தினான், கையால் திருப்பிய மாதிரி தெரிய. இரண்டை வேண்டுமென்றே கருக்கினான். நெற்றியில் கொஞ்சம் மாவும் பூசிக்கொண்டான்.

தட்டு கூடத்துக்கு வந்தது. ஜாமும் பொடிச் சர்க்கரையும் கை மாறின. ஆனால் யாரும் கடிக்கவில்லை. எல்லாரும் இங்கெலிஸையே பார்த்தார்கள்.

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லுவது நின்றது. கடித்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு யெப்பேயைப் பார்த்தாள்.

“இது...” என்றாள் இங்கெலிஸ். அவள் கண் மெல்ல விரிந்தது. “இது அப்படியே என் கைப்பக்குவம்!”

“கண்ணைக் கட்டிக் குடுத்தாலும் இது இங்கெலிஸ் சுட்டதுன்னுதான் சொல்லுவேன்!” என்று புரெபென் மேசையைத் தட்டினார். கை நாலா பக்கமும் நீண்டது, தட்டு காலியானது.

“வாப்பா யெப்பே, என் பக்கத்துல உக்காரு.”

யெப்பே! தித்தே அவன் தொடையைக் கிள்ளினாள். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

“இனிமே வருஷா வருஷம் யெப்பேதான் சுடணும்” என்று இங்கெலிஸ் மாவுக்கட்டுக் கையால் அவன் தோளைத் தட்டினாள். “கதவை மட்டும் நல்லா சாத்திக்கோ.”

அப்போது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு ஊல்லா, துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கியபடி உள்ளே வந்தாள்.

“அலாரம் சத்தம் கேட்டதும்தான் இன்னிக்குப் பணியார நாள்னு ஞாபகம் வந்துச்சு. இந்தா இங்கெலிஸ், உங்கம்மாவோட பணியாரக் கல்லு. இரவல் வாங்கிட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு, நீ ஒரு தடவைகூடத் திருப்பிக் கேக்கலையே!”