பச்சை மைக் கையெழுத்து

நான் வேதநாயகம். திருவிடைமருதூர் வேளாண்மை அலுவலகத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி. வீட்டில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு டம்ளர் காபிகூட அதிகமாகக் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். நெல் விளைந்த வயலில் எல்லாம் கல்லூரிகள் விளைந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தேன். பகீரென்றது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் விரிவுரையாளர்கள் தேவையாம். ஆராய்ச்சியும் செய்யலாமாம்.

என் மனைவி எல்சி வேதியியலில் எம்.ஃபில். கல்யாணமான ஒன்பது வருஷமாக அவள் ஆராய்ச்சியெல்லாம் என் வயிற்றில்தான் நடக்கிறது. இந்த விளம்பரம் அவள் கண்ணில் பட்டால் என் சுடுசோறும் மத்தியானக் கேரியரும் போச்சு.

சபதம் எடுத்தேன். கூடவே கத்தரிக்கோலையும் எடுத்தேன். விளம்பரம் என் சட்டைப்பைக்குள் போனது.

"என்னங்க, பேப்பர்ல ஜன்னல் வெச்சிருக்கீங்க?"

"உர விளம்பரம். ஆபீசுக்கு வேணும்."

"ஞாயித்துக்கிழமையுமா? அய்யோ பாவம்."

அவள் பரிதாபப்பட்டதை நான் நம்பினேன். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஏப்ரல் இருபது. நாள் எண்ணினேன்.

பதினைந்தாம் தேதி விரால்மீன் குழம்பு. இலையில் உட்காரப் போனேன். எல்சி ஒரு கட்டு ஜெராக்சோடு வந்தாள்.

"பக்கத்து வீட்டு மங்களாம்பிகை அக்கா குடுத்தாங்க. உண்மை நகல்னு கையெழுத்து வேணும்."

இது வழக்கம்தான். கோடை வந்தால் தெருவின் சான்றிதழ் முழுவதும் என்னிடம்தான் வரும். தாள்களின் அடிப்பாகம் மட்டும் தெரியும்படி விசிறியாக அடுக்கியிருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் படிச்சுப் பாத்துப் போடறேனே."

"படிக்க என்னங்க இருக்கு? நீங்க பச்சையில போட்டா கலெக்டரே கேள்வி கேக்க மாட்டார். சீக்கிரம் போடுங்க, மீன் தலை ஆறுது."

புகழ்ச்சியும் மீன் தலையும் ஒன்றாக வந்தால் மனிதன் என்ன செய்வான்? பதினாறு கையெழுத்து. ஆபீஸ் சீல்கூட அவளே குத்திக்கொண்டாள்.

இருபது தாண்டியது. வெற்றிக் களிப்பில் அரைக் கிலோ பாதுஷா வாங்கிவந்தேன். அவளும் காரணம் சொல்லாமல் பாயசம் வைத்திருந்தாள். நல்ல ஒற்றுமை என்று இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூன் பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது தபால்காரர் வந்தார். எல்சிக்கு விரிவுரையாளர் வேலை! நடுவில் ஒருநாள் தங்கையைப் பார்க்க மயிலாடுதுறை போகிறேன் என்று கிளம்பினாளே, அன்றைக்குத்தான் நேர்முகத் தேர்வாம்.

"விளம்பரத்தை எங்க பாத்தே?"

"ஒம்பது வருஷத்துல பேப்பர்ல நீங்க கத்தரி வெச்சதே இல்ல. ஓட்டையில என்ன இருந்துச்சுன்னு மங்களாம்பிகை அக்கா வீட்டுப் பேப்பர்ல பாத்தேன். ஜெராக்சும் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

விண்ணப்பத்தோடு அனுப்பியது போக மிச்சமிருந்த கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினாள். அத்தனையும் எல்சியின் சான்றிதழ்கள். அத்தனைக்கும் என் பச்சை மை. எம்.ஃபிலில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் வந்திருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். கோபம் வந்தது. மறைப்பானேன், பெருமையும் வந்தது. வயிறுதான் சமாதானமாகவில்லை.

"அப்ப என் சோறு?"

"பதினாறாவது தாளைப் பாருங்க."

பார்த்தேன். அவள் கையெழுத்தில் இருந்தது: 'ஜூன் முதல் காலைக் காபி, உலை வைத்தல், பிள்ளைகள் டிபன், மீன் ஆய்தல் – வேதநாயகம்.' கீழே என் கையெழுத்து, தேதி, சீல்.

சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

"கிழிங்க, கிழிங்க. அது நகல்தான். ஒரிஜினல் பீரோவுல இருக்கு."